இரவில் பிள்ளை செபம் சொல்லும்போது: கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கூடச் சொல்வதா, சும்மா இருப்பதா?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, அப்பா கடலில். சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் பிள்ளை முட்டிபோட்டுக் கைகூப்பி, "நீங்களும் வாங்கக்கா" என்கிறது. உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் பெண்கள். மாலையில் டியூஷன் எடுத்துவிட்டு, அப்படியே ராத்திரி பிள்ளைக்குத் துணையாகப் படுப்பவர்கள். ஒருத்தி பெரியார் கொள்கை பேசும் வீட்டில் வளர்ந்தவள். சேர்ந்து சொன்னால் கொள்கையை விட்டுக்கொடுத்ததாகுமா என்பது அவள் கவலை. இன்னொருத்திக்கு, சொல்லாமல் இருந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். நானும் நம்பிக்கை இல்லாதவள்தான். மண்டபம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளை பார்த்திருக்கிறேன். ஆகவே இதை வெளியே நின்று எழுதவில்லை.

இந்தக் கரையில் வேறு மதத்துக்காரர் என்பது யாருக்கும் புதிதல்ல. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு இந்துக்களும் வருகிறார்கள். அடுத்த வீட்டுச் சாமிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "எனக்கு எந்தச் சாமியும் இல்லை" என்று ஒரு பெண் சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால்தான் பலர் சொல்லாமலேயே சமாளித்துவிடப் பார்க்கிறார்கள். சமாளிப்பது சில இரவுகளுக்குப் போதும். மாதக்கணக்கில் போகும் வேலைக்கு யோசித்து ஒரு வழியை எடுத்துக்கொள்வதே நல்லது.

எதையெல்லாம் பார்த்துத் தீர்மானிப்பது

முதலில் பிள்ளையின் தூக்கம். சாப்பாடு, பல் தேய்ப்பது, செபம், விளக்கணைப்பது என்று தினமும் ஒரே வரிசையில் நடந்தால் பிள்ளை சீக்கிரம் அடங்கித் தூங்கும். அம்மா இல்லாத இரவில் அந்த வரிசைதான் அதற்குப் பிடிமானம். அதில் ஒன்றை உருவினால் மற்றதும் கலையும்.

அடுத்தது பெற்றோரின் விருப்பம். பிள்ளையை எந்த நம்பிக்கையில் வளர்ப்பது என்பது அவர்கள் முடிவு. இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குழந்தைக்குச் சிந்தனைச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் உண்டு என்கிறது. அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு என்கிறது. ராத்திரி துணைக்குப் படுக்க வந்தவருக்கு அந்த உரிமை இல்லை. பிள்ளையை நம்பிக்கையின் பக்கம் இழுக்கவும் கூடாது, அதிலிருந்து பிரிக்கவும் கூடாது.

மூன்றாவது உங்கள் நேர்மை. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரம் நம்பாதவருக்கும் சேர்த்துத்தான். ஒரு வீட்டில் சம்பளம் வாங்குவதால் அது இல்லாமல் போய்விடாது. பிள்ளை நேராகக் கேட்டால் பொய் சொல்லாமல் பதில் சொல்ல முடிகிற இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது. பிள்ளைகள் பெரியவர்களின் பொய்யைக் கண்டுபிடிக்க நாளாகும், ஆனால் கண்டுபிடித்துவிடும்.

நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த வார்த்தைகளை உண்மையாக நம்புகிறவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை அது. நமக்கு வெறும் மனப்பாடமாக இருப்பது அவர்களுக்கு உறுதிமொழி. நம்பாத வாய் அதைச் சும்மா உச்சரிப்பதைச் சிலர் விரும்பவே மாட்டார்கள்.

அப்புறம், எத்தனை நாள் என்ற கணக்கு. ஒரு இரவுக்குச் சரியாக இருப்பது வருஷம் முழுக்கச் சரிப்படாது.

வழி ஒன்று: முழுதாகச் சேர்ந்து சொல்வது

அந்த இரவை மட்டும் பார்த்தால் இதைவிடச் சுலபமானது இல்லை. பிள்ளைக்கு இரண்டு, மூன்று வயதென்றால் அது உங்கள் நம்பிக்கையைப் பற்றி யோசிக்கப்போவதில்லை. அதற்கு வேண்டியது இரண்டு கைகள் கூடுவதும், பழகிய சத்தம் காதில் விழுவதும். அம்மாவைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவு, உங்களை அவசரத்துக்குக் கூப்பிட்ட ஒற்றை இரவு: இந்த நேரங்களில் தயங்காமல் கூடச் சொல்லுங்கள். நம்பிக்கையுள்ள வீட்டில் பிறந்து, செபங்களைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து, பிறகு நம்பிக்கை விட்டுப்போனவர்களுக்கு இது உறுத்தவும் உறுத்தாது.

செலவு பிறகுதான் தெரியவரும். நாலைந்து வயதுப் பிள்ளை "அக்காவும் நம்ம கோயில்தான்" என்று முடிவு கட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்களைத் தேடும். "ஏன் வரல?" என்று கேட்கும். அப்போது புதிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொன்று.

உங்கள் தெருவிலும் ஒரு விலை உண்டு. "பிள்ளை பார்க்கப் போனவ மதம் மாறிட்டா" என்ற பேச்சு பாம்பனில் கிளம்பினால் பஸ் வந்து சேருவதற்கு முன்னால் ராமநாதபுரம் வந்து சேர்ந்துவிடும். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு தொல்லை என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, பாதியில் நிறுத்த முடியாது. அரை வருஷம் கூடச் சொல்லிவிட்டு ஒரு நாள் நிறுத்தினால், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். அதனால் நீண்ட நாள் வேலைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

வழி இரண்டு: பக்கத்தில் மரியாதையோடு அமைதியாக இருப்பது

சொல்லாமல் இருந்தால் அவமரியாதை ஆகாதா என்று கேட்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றமே இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியைத் தீர்த்திருக்கிறது. 1985-இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கையின் காரணமாகத் தேசிய கீதம் பாடாமல் எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் வந்த தீர்ப்பு, மரியாதையோடு எழுந்து நிற்பவர் பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது என்றது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கவும் சொன்னது. அந்தப் பிள்ளைகள் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்கள், நாம் நம்பிக்கை இல்லாதவர்கள். ஆனாலும் நியாயம் ஒன்றுதான்: மரியாதை உடம்பில் தெரிந்தால் போதும், வாயைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

பெரியார் வழிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் இதையே சொன்னேன். மேடையில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது பெரியார் எழுந்து நின்றார் என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் கேட்காதவர்கள் குறைவு. சபை மரியாதை வேறு, நம்பிக்கை வேறு என்ற பாகுபாடு நம் ஊரில் நாத்திகர்களிடமே இருந்து வந்த ஒன்று.

உட்காரும் விதம் முக்கியம். பிள்ளை தரையில் என்றால் நீங்களும் தரையில். போன் கையில் இருக்கக் கூடாது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்கூடப் பிள்ளையின் கண் அங்கேதான் போகும். முட்டிபோட வேண்டும் என்றில்லை, கைகூப்ப வேண்டும் என்றும் இல்லை. சம்மணமிட்டு மடியில் கை வைத்து உட்கார்ந்தால் போதும்.

ஆறு, ஏழு வயதுக்கு மேல், செபம் முழுதும் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். சின்னப் பிள்ளைக்குப் பொருந்தாது. வரி மறந்துபோய் உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் பேசாமல் இருந்தால் வாத்தியார் முன்னால் ஒப்பிப்பதுபோல் அதற்குக் கூச்சம் வந்துவிடும். நீங்கள் ஏன் பேசவில்லை என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால், காலையில் பிள்ளை சொல்லித்தான் தெரியவரும். அது நல்ல தொடக்கம் அல்ல.

வழி மூன்று: அடியெடுத்துக் கொடுப்பது

என் தேர்வு இது. செபம் பிள்ளையுடையது. நீங்கள் அது தடுமாறும் இடத்தில் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறீர்கள். நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரை யாரும் ராஜா என்று நினைப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ராஜா திண்டாடிப்போவார்.

நடைமுறையில் இப்படி இருக்கும். "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டு விளக்கைக் குறைக்கிறீர்கள். பிள்ளை சொல்கிறது. நின்ற இடத்தில் அடுத்த வரியின் முதல் சொல்லை மட்டும் தருகிறீர்கள். முடிந்ததும், "இன்னிக்கு யார் யாருக்காக வேண்டிக்கப் போறே?" என்று கேட்கிறீர்கள். அப்பா, அம்மா, அம்மாச்சி, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று பட்டியல் வரும். அதில் ஒன்று விட்டுப்போனால் ஞாபகப்படுத்துகிறீர்கள். இத்தனையிலும் நம்பாத எதையும் நம்புவதாக நீங்கள் சொல்லவில்லை. பிள்ளைக்கோ, தன் இரவில் பெரியவர் ஒருவர் முழு மனதோடு கூட இருந்த நிறைவு கிடைக்கிறது.

அந்தப் பட்டியலைக் கவனித்துக் கேளுங்கள். பள்ளியில் யார் அடித்தார்கள், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் என்ன சண்டை, எந்தப் பல் வலிக்கிறது என்பதெல்லாம் வேண்டுதலில்தான் வெளியே வரும். "இன்னிக்கு என்னடா நடந்துச்சு?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் அதே பிள்ளை, சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லும். நம்பிக்கை இல்லாத நானும் இந்தச் சில நிமிடங்களை மதிப்பதற்குக் காரணம் அதுதான்.

செலவு இதிலும் உண்டு. முதலில், நீங்கள் படித்துக்கொள்ள வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் அப்பத்தா சொல்லும் பழைய வடிவம் ஒன்று, மறைக்கல்வி வகுப்பில் பிள்ளை படிக்கும் இன்றைய வடிவம் இன்னொன்று. அப்பத்தா "பிதா" என்பார், பிள்ளை "தந்தை" என்னும். எந்த வடிவம் என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, நேரம் பிடிக்கும். தூக்கத்தைத் தள்ளிப்போட நினைக்கும் பிள்ளை வேண்டுதல் பட்டியலைத் தெருவின் கடைசி வீடு வரை நீட்டும். "இன்னும் மூணு பேர், அப்புறம் படுக்கணும்" என்று கனிவாக முடிக்கப் பழக வேண்டும். மூன்றாவது, சந்தேகம் கிளப்பும் கேள்விகளை நீங்கள் கேட்டுவிடக் கூடாது. "நேத்து கேட்டியே, நடந்துச்சா?" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், பெற்றோர் உங்களிடம் தராத உரிமையை எடுத்துக்கொண்டதாகிவிடும்.

வழி நான்கு: அம்மாவிடமோ பாட்டியிடமோ விட்டுவிடுவது

அம்மா வேலைக்குக் கிளம்பும் முன் செபத்தை முடித்துவிடுவது ஒரு முறை. வாட்ஸ்அப்பில் அம்மா குரலில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு படுக்கும்போது போடுவது இன்னொன்று. பக்கத்துத் தெரு உம்மம்மாவோ அம்மாச்சியோ ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போவது மூன்றாவது. செபத்தின்போது அறையில் இருப்பதே உங்களுக்குச் சங்கடம் என்றால் இது உங்களுக்கான வழி.

வீடியோ அழைப்பை மட்டும் நான் சொல்ல மாட்டேன். முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அம்மா வேண்டுமென்று அழ ஆரம்பிக்கும். அங்கே அம்மா பணியில் இருப்பார். கடலில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட நினைக்கவே வேண்டாம். கரையைவிட்டுத் தூரம் போனால் போன் எடுக்காது. எடுக்காத போன் பிள்ளையின் மனதில் என்னென்னவோ கிளப்பிவிடும். குரல் பதிவு நல்லது, ஆனால் அதுவும் மாதக்கணக்கில் ஒரே பதிவாக ஓடினால் பிள்ளை கேட்பதை விட்டுவிடும். சாயங்காலமே முடித்துவிடும் ஏற்பாட்டில் வேறு சிக்கல்: படுக்கும் நேரத்தில் பயம் வந்தால் பிள்ளை மறுபடியும் சொல்ல ஆசைப்படும், அப்போது பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

வழி ஐந்து: விட்டுவிடுவது, அல்லது வேறொன்றை வைப்பது

"இன்னிக்குக் கதை சொல்றேன், செபம் வேண்டாம்" என்பது. செபத்துக்குப் பிறகு கதை என்றால் நல்ல விஷயம். செபத்துக்குப் பதிலாகக் கதை என்றால், பெற்றோர் வெளிப்படையாகச் சம்மதித்தால் தவிர, செய்யக் கூடாது. இது பெற்றோரின் நம்பிக்கையை முறிப்பதோடு பிள்ளையின் தலையில் ஒரு பாரத்தையும் ஏற்றும். அதைக் கீழே சொல்கிறேன்.

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | எத்தனை நாள் தாங்கும் |
|---|---|---|---|
| முழுதாகச் சேர்வது | மூன்று வயதுக்குள், அவசர இரவு, காய்ச்சல் | பிள்ளை தப்பாகப் புரிந்துகொள்ளும், ஊர்ப்பேச்சு, நிறுத்த முடியாது | சில இரவுகள் |
| அமைதியாக இருப்பது | ஆறு வயதுக்கு மேல், செபம் தெரிந்த பிள்ளை | சின்னப் பிள்ளைக்குக் கூச்சம். பெற்றோருக்கு முன்பே சொல்ல வேண்டும் | வருஷக் கணக்கில் |
| அடியெடுத்துக் கொடுப்பது | மூன்று முதல் எட்டு வயது வரை | படித்துக்கொள்ள வேண்டும். நேரம் நீளும் | வருஷக் கணக்கில் |
| வீட்டாரிடம் விடுவது | உங்களுக்குச் சங்கடம் அதிகம் என்றால். அரபு ஓதும் வீடுகள் | நடுராத்திரிப் பயத்துக்கு உதவாது | ஏற்பாடு நிலைக்கும் வரை |
| விட்டுவிடுவது | பெற்றோரே சொன்னால் மட்டும் | பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி; வேலை போகும் | ஒரு நாளும் இல்லை |

வீட்டுக்கு வீடு மாறும்

கத்தோலிக்க வீடுகளில் மேற்சொன்ன மூன்றாவது வழி சிரமமில்லாமல் நடக்கும். செபங்கள் எழுத்தில் இருக்கின்றன, எல்லாம் தமிழில். சிலுவை அடையாளம் போடுவது பிள்ளையின் கை. சின்னப் பிள்ளை இடதையும் வலதையும் மாற்றினால் அதன் கையைப் பிடித்துச் சரியாக நகர்த்திவிடலாம். நம்பிக்கை அறிக்கையை மட்டும் நீங்கள் உங்கள் வாயால் முழுதாகச் சொல்ல வேண்டாம். பெயரிலேயே இருக்கிறது, அது நம்புகிறவர் தரும் வாக்கு. மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரிந்தால் பிள்ளை தூங்குவதற்கு முன்னாலேயே அணையுங்கள். கடல்காற்று வரும் ஜன்னல், கொசுவலை, மெழுகுவர்த்தி மூன்றும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் நிலைமை கொஞ்சம் கடினம். அங்கே ஜெபம் பெரும்பாலும் சொந்த வார்த்தையில். எடுத்துக் கொடுக்க வரி இருக்காது. "நீங்க ஜெபம் பண்ணுங்கக்கா, நான் ஆமென் சொல்றேன்" என்று பிள்ளை சொல்லிவிடும். சொந்த வார்த்தையில் கடவுளை அழைத்து நீங்களாக வேண்டுவது, மனப்பாட வரியைச் சொல்வதைவிட மிகப் பெரிய பொய்யாகும். "நீ பண்ணு, நான் கேட்கிறேன். உன் வார்த்தையிலதான் நல்லாயிருக்கும்" என்று பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பிள்ளை தூங்கும் முன் துஆ ஓதும். சில வீடுகளில் மூன்று குல் சூராக்களை (குர்ஆனின் கடைசி மூன்று சிறிய அத்தியாயங்கள்) ஓதி உள்ளங்கையில் ஊதி உடம்பில் தடவிக்கொள்ளும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட துஆ புத்தகங்கள் கிடைக்கின்றன. அதை வைத்துப் பிள்ளைக்கு உச்சரிப்புச் சொல்லித் தர நினைக்க வேண்டாம். அரபியில் வேறு வேறாக ஒலிக்கும் பல எழுத்துகள் தமிழில் ஒரே எழுத்தாகிவிடும். மக்தபில் (ஓதக் கற்றுத்தரும் பள்ளியில்) உஸ்தாது சொல்லிக் கொடுத்தது பிள்ளையின் நாக்கில் சரியாக இருக்கும், நாம்தான் கெடுத்துவிடுவோம். புத்தகத்தை விரலால் தொடர்ந்து கேட்பது, அல்லது உம்மாவின் குரல் பதிவைப் போடுவது நல்லது. குர்ஆனை எடுத்துக் கொடுக்கச் சொன்னால், ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) இல்லாமல் தொடக் கூடாது என்பதை நினைவில் வைத்து வீட்டாரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கலிமாவைச் சேர்ந்து சொல்வதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அது இஸ்லாத்தை ஏற்றுக்கொள்வதன் சாட்சி. பிள்ளை விளையாட்டாகச் சொல்லச் சொன்னாலும், "அது பெரிய வார்த்தை, சும்மா சொல்லக் கூடாது" என்று சொல்லுங்கள். வாப்பாவும் உம்மாவும் அதைக் கேட்டால் உங்களை மதிப்பார்கள்.

இந்து வீடுகளில் பெரும்பாலும் சொல்லைவிடச் செயல்தான் அதிகம்: சாமி படத்தைக் கும்பிட்டு நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைப்பது. சிலர் கந்த சஷ்டி கவசத்தின் சில வரிகளைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடுவதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை; தலை வாரிவிடுவது, பவுடர் போட்டுவிடுவது போன்ற பராமரிப்பில் ஒன்றாகவே அதைச் செய்தேன். உங்கள் நெற்றியிலும் பிள்ளை பூச வந்தால், விருப்பமிருந்தால் குனியுங்கள், இல்லையென்றால் "உனக்கு மட்டும் போதும்டா" என்று சொல்லுங்கள். விளக்கை வாயால் ஊதி அணைக்க மாட்டார்கள், கவனம். மாதவிலக்கு நாட்களில் பூஜை அறைக்குள் போகக் கூடாது என்று எதிர்பார்க்கும் வீடுகளும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்த விவாதத்தைப் பிள்ளை தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. திருநீற்றுக் கிண்ணத்தைச் சாயங்காலமே வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டால் போதும்.

அப்பா கடலில் இருக்கும் இரவு

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, கடலுக்குப் போகின்றன. அந்த இரவுகளில் பிள்ளையின் செபம் மற்ற இரவுகளைப் போல் இருக்காது. அந்தோனியாரிடமோ முருகனிடமோ அல்லாஹ்விடமோ கேட்பது ஒன்றே ஒன்று: அப்பா பத்திரமாக வரணும். கச்சத்தீவுப் பக்கம் படகு பிடிபட்ட செய்தி பெரியவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். கடலுக்குப் போனவர் திரும்பி வருவது நிச்சயம் என்று இங்கே யாரும் வளர்வதில்லை.

இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் செய்ததையும் உலகில் நடப்பதையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். செபம் சொல்லாமல் தூங்கிய இரவில் படகுக்கு ஏதாவது ஆகிவிட்டால், "நான் வேண்டிக்கல, அதான்" என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் வைத்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லாது. ஐந்தாவது வழியை நான் அடியோடு மறுப்பதற்குக் காரணம் இதுதான். கடல் வீட்டுப் பிள்ளையின் இரவுச் செபத்தைத் தள்ளிப்போடும் உரிமை நமக்குக் கிடையாது.

அதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லக் கூடாது. "நீ வேண்டிக்கிட்டேல்ல, அப்பா கண்டிப்பா வந்துருவார்." ஆறுதலுக்காகச் சொல்வதுதான், நம்பிக்கையுள்ளவர்களே பலர் சொல்வதுதான். ஆனால் அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி. அப்பா வருவதைப் பிள்ளையின் வேண்டுதலோடு கட்டிவிடுவதும் அதுவே. அதற்குப் பதில் உண்மையானவை நிறைய இருக்கின்றன. "அப்பா வரணும்னு எனக்கும் ரொம்ப ஆசை." "அப்பாகூட இன்னும் நாலு மாமா இருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க." "விடியுற வரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்." இவற்றைச் சொல்ல நம்பிக்கை தேவையில்லை, முழு மனதோடு சொல்லலாம். பிள்ளையோடு சேர்ந்து விரும்புவது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது, யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீட்டு அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு அது நல்ல காலம். அப்பாவோ அம்மாவோ எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

பிள்ளை நேராகக் கேட்டால்

பதில்களை முன்னாலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், தூக்கக் கலக்கத்தில் நல்ல பதில் வராது.

"நீங்க ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டால், "எனக்கு அந்தப் பழக்கம் இல்லடா. நீ சொல்லு, நான் பக்கத்துலயே இருக்கேன்." பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும்.

"சாமி இருக்காரா, இல்லையா?" என்று கேட்டால், "உங்க வீட்டுல எல்லாரும் இருக்காருன்னு நம்புறாங்க. நான் வேற மாதிரி நினைக்கிறேன். நாளைக்கு அம்மாகிட்ட கேளு, அவங்க நிறையச் சொல்வாங்க." எட்டு வயதுப் பிள்ளை அதோடு விடாது. "வேற மாதிரின்னா?" என்று துருவும். "அது பெரிய பேச்சு, அம்மா இருக்கும்போது பேசுவோம்" என்று நிறுத்திக்கொள்வதே சரி. ஒளிப்பதாகத் தோன்றலாம், பெற்றோர் இல்லாத நேரத்தில் அவர்கள் பிள்ளையிடம் இதைப் பேசாமல் இருப்பது கடமை.

சில பிள்ளைகள் உங்களுக்காகப் பயப்படும். சாமி கும்பிடாதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று எங்கோ கேட்டிருக்கும். சிரித்து ஒதுக்காதீர்கள், உங்கள் மேல் உள்ள பாசம் அது. "எனக்காக நீ பயப்பட வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி முதுகைத் தடவிவிடுங்கள். "நான் உங்களுக்காகவும் வேண்டிக்கிறேன்" என்றால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை தன் பட்டியலில் நம்மைச் சேர்ப்பதை மறுக்க எந்தக் கொள்கையும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளில் எது வந்தாலும், என்ன பதில் சொன்னீர்கள் என்பதை மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை வாயால் பாதியாகப் போய்ச் சேருவதைவிட உங்கள் வாயால் முழுதாகப் போவது மேல்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்

நம்பிக்கை இல்லை என்பதை விளக்கவுரையோடு அறிவிக்க வேண்டியதில்லை. சம்பளம், சாப்பாடு, மருந்து பேசும் அதே பேச்சில் இதையும் சேர்த்துவிடுங்கள். "அக்கா, பிள்ளை படுக்கும்போது என்ன செபம் சொல்லும்? எனக்குச் சாமி கும்பிடுற பழக்கம் இல்ல. ஆனா பிள்ளை சொல்ற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன். அது போதுமாக்கா?" நான் பார்த்தவரை பெரும்பாலான தாய்மார்கள் "அது போதும்மா" என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பிள்ளையின் வழக்கம் மாறாமல் இருப்பது, உங்கள் ஆத்துமாவைத் திருத்துவது அல்ல.

சில வீடுகளில் அப்படி இருக்காது. நீங்களே முழு நம்பிக்கையோடு செபத்தை நடத்த வேண்டும், பிள்ளை கேட்டால் நம்புவதாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த வேலையை எடுக்காதீர்கள். அவர்கள் கேட்பது தப்பில்லை, உங்களால் தர முடியாததைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தெருவிலேயே அவர்கள் சபையைச் சேர்ந்த, பிள்ளைகளிடம் பொறுமையுள்ள ஒரு பெண்ணைத் தெரிந்தால் காட்டிவிடுங்கள். பிள்ளை ஏற்கெனவே உங்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தால், புதியவர் வரும் முதல் ஓரிரு மாலை கூட இருந்து, எந்த வரியில் தடுமாறும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், பட்டியலில் யார் யார் பெயர் வரும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.